இல்லாத ஸ்விட்ச்

கம்ப்யூட்டரை அணைக்க இரண்டு வழிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று, மெனுவில் போய் ஷட்டவுன் என்று சொல்லிவிட்டு, அது தன் கடையைக் கட்டும்வரை காத்திருப்பது. மற்றது, சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் பட்டென்று தட்டிவிடுவது. இரண்டாவதைச் செய்யாதீர்கள் என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகள் அப்பாக்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்பாக்கள் கேட்டதில்லை. ஃபேனை நிறுத்த ஃபேனிடம் அனுமதி வாங்குகிறோமா என்ன?

இப்போது ஒரு கேள்வி. கம்ப்யூட்டர் என்று தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எப்படி அணைப்பீர்கள்?

விடுகதை இல்லை. நீங்கள் பாங்க்கில் பணம் போடும்போதும், ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதும் உங்களுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் இந்த மாதிரி இல்லாத கம்ப்யூட்டர்கள்தான். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். நம் ஊர் ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டடம், ஒரே கிணறு, ஒரே மீட்டர். உள்ளே பத்துக் குடித்தனம். ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு குடித்தனக்காரரும் முழுக் கட்டடமும் தனக்கே சொந்தம் என்று மனதார நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படி நம்ப வைக்கிற வீட்டுக்காரரின் பெயர் ஹைப்பர்வைசர். அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான்.

சமீபத்திய சமாசாரம் என்று நினைக்காதீர்கள். ஐபிஎம் 1972லேயே விஎம்/370 என்ற பெயரில் இதை விற்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு முன்பே 1960களில் கேம்பிரிட்ஜில் இருந்த அவர்கள் ஆராய்ச்சி மையத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தை வர 1999 ஆயிற்று. விஎம்வேர் என்ற கம்பெனி ஒர்க்ஸ்டேஷன் என்று ஒன்றை வெளியிட்டது. விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் லினக்ஸ் ஓடுவதை முதலில் பார்த்தவர்கள் ஏதோ மோடி மஸ்தான் வேலை என்றுதான் நினைத்தார்கள்.

சரி, அணைப்பதற்கு வருவோம்.

இல்லாத கம்ப்யூட்டருக்கு ஸ்விட்சும் இல்லாத ஸ்விட்ச்தான். அதை அழுத்த விரல் வேண்டாம், ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால் அங்கேயும் அதே இரண்டு வழிகள் இருக்கின்றன. விஎம்வேரில் ஸ்டாப் என்று எழுதி, பக்கத்தில் சாஃப்ட் அல்லது ஹார்ட் என்று சேர்க்க வேண்டும். சாஃப்ட் என்றால் உள்ளே இருப்பவரிடம் பக்குவமாகச் சொல்வது. ஹார்ட் என்றால் வயரைப் பிடுங்குவது. விர்ச்சுவல் பாக்ஸில் ஒன்றுக்குப் பெயர் ஏசிபிஐ பவர் பட்டன், மற்றதற்கு பவர் ஆஃப். (ஏசிபிஐ என்பது இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூவரும் சேர்ந்து 1996ல் போட்ட ஒப்பந்தம். பட்டனை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்காமல், "ஐயா, அணைக்கச் சொல்கிறார்கள்" என்று ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தகவல் போவது இதனால்தான்.)

லினக்ஸில் விர்ஷ் என்று ஒரு கருவி. அதில் மெதுவாக அணைப்பதற்கு ஷட்டவுன். பிடுங்குவதற்கு எந்தப் புண்ணியவானோ வைத்த பெயர் டெஸ்ட்ராய். முதல்முறை இதை அடிக்கும் பையன்களுக்குக் கை நடுங்கும். மெஷினையே அழித்துவிடுமோ, வேலை போய்விடுமோ என்று. அழிக்காது. வயரை மட்டும்தான் பிடுங்கும், டிஸ்க்கெல்லாம் அப்படியே இருக்கும். நிஜமாகவே வம்பு செய்யக்கூடிய கட்டளையின் பெயர் அன்டிஃபைன். அது பரம சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, அடித்தால் அந்த மெஷின் இருந்ததற்கான பதிவே போய்விடும்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. இது நிஜக் கம்ப்யூட்டரைவிட இந்த இல்லாத கம்ப்யூட்டருக்குச் சுலபமாக வரும். உறைய வைப்பது. மெமரியில் இருப்பதையெல்லாம் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு நிறுத்திவிடலாம். உள்ளே இருப்பவரின் ஒத்துழைப்பு தேவையில்லை. எழுப்பும்போது பாதியில் விட்ட வாக்கியத்திலிருந்து தொடரும். என்ன, வெள்ளிக்கிழமை உறைய வைத்து திங்கட்கிழமை எழுப்பினால் அது இன்னும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலேயே இருக்கும். பெரிய ஆபீஸ்களில் பாஸ்வேர்டு சரிபார்க்கும் கெர்பரோஸ் என்கிற காவல்காரர், கடிகாரம் 5 நிமிஷத்துக்கு மேல் தப்பாக இருந்தால் உள்ளே விட மாட்டார். ஆகவே எழுந்தவுடன் முதலில் மணி பார்க்கச் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து அடிப்பதற்குப் பதில் வரிசையாக ஒரு ஃபைலில் எழுதிவைத்து, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுவதுதான் ஸ்க்ரிப்ட். பத்து வரி, இருபது வரி. படித்தவர் எவரும் ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடலாம். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் கோயம்புத்தூரில் ஒரு ஆபீஸில் வேடிக்கை பார்க்கப் போனேன்.

2012ஆம் வருஷத்தைக் கோயம்புத்தூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டுக்கே நாங்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். அங்கே கரண்ட் இருந்தால்தான் செய்தி. என் நண்பர் அங்கே ஆடிட்டர். அவர் ஆபீஸில் ஒரே ஒரு சர்வர், அதற்குள் ஆறு விர்ச்சுவல் மெஷின்கள். மூன்று, பையன்கள் சோதனை போட்டுப் பார்க்க. ஒன்றில் கணக்கு சாஃப்ட்வேர். ஒன்றில் டேட்டாபேஸ். இன்னொன்றில் எல்லாருடைய ஃபைல்களும். செப்டம்பர் 30 வருமான வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். அந்த மாசம் நூற்றுச் சொச்சம் கட்சிக்காரர்களின் தலையெழுத்து அந்த ஒற்றைத் தகரப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டிக்குக் காவல், ஒரு பெரியவர். ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்த மெஷினை முதலில் அணைப்பது, எதைக் கடைசியில், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நேரம் ஆகும் என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார். கரண்ட் போனால் யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பிக்கும். டார்ச்சும் நோட்டுமாக வந்து ஒவ்வொன்றாக அணைப்பார். செப்டம்பர் மாசம் ராத்திரியும் அங்கேயே பாய் போட்டுப் படுப்பார். அதற்கு ஓவர்டைம் உண்டு.

இதை ஸ்க்ரிப்ட்டாக எழுதிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள வந்த பையன் சொன்னான். நல்ல பையன். யுபிஎஸ்ஸிலிருந்து சர்வருக்கு ஒரு யுஎஸ்பி வயர் போட்டுவிட்டால் கரண்ட் போனதும் சர்வருக்குத் தெரிந்துவிடும். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்று இலவசமாகவே கிடைக்கிறது. அது ஸ்க்ரிப்டைக் கூப்பிடும். ஸ்க்ரிப்ட் ஆறு மெஷினுக்கும் ஷட்டவுன் சொல்லும். தீர்ந்தது வேலை.

பெரியவர் கேட்டார், "ஏங்கண்ணு, படுன்னு சொன்னா உடனே படுத்துக்குமா அது?"

"கமாண்ட் குடுத்ததும் மெசேஜ் வந்துருதுங்ணா."

வந்தது. மெசேஜைப் படித்துப் பார்த்தேன். 'அணைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்று இருந்தது. அணைந்துவிட்டது என்று இல்லை. விர்ஷ் ஷட்டவுன் அப்படித்தான், சொல்லிவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். தாலுகா ஆபீஸில் 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்பார்களே, அந்த ஜாதி. நிஜமாகவே அணைந்ததா என்று ஸ்க்ரிப்ட் சில வினாடிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அணைந்தது என்று பதில் வரும்வரை. வரவில்லை என்றால்?

"அதானுங்க நான் கேக்கறது" என்றார் பெரியவர்.

பையன் டெஸ்ட்ராய் என்றான்.

பெரியவருக்கு இங்கிலீஷ் வார்த்தை புரிந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மில்லில் கரண்ட் பட்டென்று போனால் ஓடிக்கொண்டிருக்கும் நூல் வரிசை வரிசையாக அறும், திரும்ப ஒட்டிக் கொடுக்க ஆள் வைத்து மணிக்கணக்காகும் என்று சொன்னார். இங்கே அறுந்தால் ஒட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறதா?

நியாயமான கேள்வி. இப்போதைய டேட்டாபேஸ்கள் இதற்கெல்லாம் தயாராகவே வருகின்றன. செய்யப்போவதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டு அப்புறம்தான் செய்யும். நடுவில் வயரைப் பிடுங்கினாலும் எழுந்தவுடன் நாட்குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலும். செப்டம்பர் 29ஆம் தேதி ராத்திரி அந்தப் 'பெரும்பாலும்' என்ற வார்த்தையை நம்பி நீங்கள் தூங்குவீர்களா? ஆடிட்டர் தூங்க மாட்டார்.

ஆகவே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பித்தது. ஸ்க்ரிப்டில் கட்டளைகள் ஐந்தாறுதான். மிச்சம் எல்லாம் காத்திருப்பது. யாருக்காக எத்தனை நேரம் காத்திருப்பது, அதற்கு மேல் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே, வெளிச்சம் இருக்கும்போதே தீர்மானித்து எழுதிவைக்க வேண்டும்.

யுபிஎஸ் வாங்கும்போது 30 நிமிஷம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பெரியவர் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் 15 நிமிஷம்தான் வந்தது. பேட்டரிக்கு இரண்டு வயசு. ஆக, கையில் இருப்பது 15. போனவுடன் ஆரம்பிக்க வேண்டாம், சில சமயம் உடனே வந்துவிடும் என்று பையன் 2 நிமிஷம் ஒதுக்கினான். சோதனை மெஷின்கள் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிடலாம், 1 நிமிஷம். கேட்காவிட்டால் பிடுங்கலாம், அழுவார் இல்லை. கணக்கு சாஃப்ட்வேருக்கு 3 நிமிஷம். அது படுத்த பிறகு டேட்டாபேஸும் ஃபைல் மெஷினும், 5 நிமிஷம். கடைசியில் சர்வர் தானே படுக்க 2. மொத்தம் 13.

வரிசை முக்கியம். டேட்டாபேஸை முதலில் அணைத்தால் கணக்கு சாஃப்ட்வேர் எழுத இடமில்லாமல் தவிக்கும். எழுப்பும்போது அப்படியே தலைகீழ். பெரியவரின் நோட்டில் இது அம்புக்குறி போட்டு இருந்தது.

அடுத்த ஞாயிறு ஒத்திகை. கணக்கு மெஷின் படுக்க மறுத்தது. 3 நிமிஷமும் போயிற்று. எட்டிப் பார்த்தால், யாரோ ஒரு ஜூனியர் சனிக்கிழமை சாயங்காலம் பாதி வவுச்சரை அடித்து அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். 'சேமிக்கவா, வேண்டாமா?' என்று ஒரு சின்னப் பெட்டி, பதில் சொல்ல ஆளில்லாமல் திரையில் நின்றுகொண்டிருந்தது. அணைக்கச் சொன்ன சேதி வந்துவிட்டது. அது மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. நாம் இங்கே அதன் பதிலுக்குக் காத்திருக்கிறோம். இன்னும் சில பழைய விண்டோஸ் சர்வர்கள், யாரும் லாகின் செய்யாமல் இருந்தால் பவர் பட்டனைப் பொருட்படுத்தாத மாதிரி அமைக்கப்பட்டிருக்கும். வேறு சில, அணைக்கச் சொன்ன நேரம் பார்த்து அப்டேட் போட உட்காரும்.

பிடுங்கக் கூடாது என்றால் உறைய வைக்கத்தான் வேண்டும் என்றான் பையன். டேட்டாபேஸ் மெஷினுக்கு 8 ஜிபி மெமரி. வினாடிக்கு 100 எம்பி வீதம் டிஸ்க்கில் எழுதினால் 80 வினாடி. கணக்கு மெஷினுக்கு 4 ஜிபி, 40 வினாடி. இரண்டும் சேர்ந்து 2 நிமிஷம். 13ம் 2ம் 15. பேட்டரியும் 15. மிச்சம் பூஜ்யம்.

எங்கிருந்து ஒரு நிமிஷத்தை எடுப்பது? எல்லாரும் தலையைச் சொறிந்தோம். பெரியவர்தான் சொன்னார், "ஆரம்பத்துல ரெண்டு நிமிசம் எதுக்குங்கண்ணு? கரண்ட் ஒரு நிமிசத்துல வந்தா வரும். இல்லீன்னா ரெண்டு மணி நேரம் வராது."

தமிழ்நாடு மின்சார வாரியத்தைப் பற்றி இத்தனை சுருக்கமான ஆராய்ச்சி முடிவை நான் வேறு எங்கும் படித்ததில்லை. 2ஐ 1 ஆக்கினார்கள். 14 நிமிஷம்.

இன்னொன்றும் சொன்னார். கரண்ட் வந்தவுடன் மெஷின்களை எழுப்பாதே. போனது திரும்பி வந்து ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் போகும். பேட்டரி காலியாக இருக்கும், 14 நிமிஷம் எங்கே இருக்கிறது? பேட்டரி பாதியாவது ஏறட்டும், அப்புறம் எழுப்பு. பையன் அதையும் ஒரு வரியாக எழுதினான். ஸ்க்ரிப்டில் கம்ப்யூட்டர் படிக்காத வரிகள் உண்டு, மனிதர்களுக்காக எழுதிவைப்பது. அங்கே 'இந்த நேரங்கள் பெரியவர் சொன்னது, கேட்காமல் மாற்றாதே' என்று போட்டிருந்தான்.

ஸ்க்ரிப்ட் அந்த செப்டம்பர் முழுவதும் சமர்த்தாக வேலை செய்தது. பெரியவர் ராத்திரி வீட்டில் தூங்கினார். ஓவர்டைம் நின்றுபோயிற்று. அதைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தீரா என்று நண்பரைக் கேட்டேன். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். நான் அடுத்த மாசமும் கேட்டேன். ஆடிட்டரிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கக் கூடாது. மூன்றாவது முறை கேட்ட பிறகு பாதியைச் சேர்த்துக் கொடுத்தார்.

பெரிய கம்பெனிகளில் இந்த மாதிரி பெரியவர்கள் இல்லாததால் நடக்கும் வேடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான விர்ச்சுவல் மெஷின்களை மேய்ப்பதற்கு விஎம்வேரில் விசென்டர் என்று ஒரு மேலாளர் உண்டு. ஸ்க்ரிப்ட் அவரிடம் சொன்னால் அவர் எல்லாருக்கும் சொல்வார். அந்த விசென்டரும் பெரும்பாலும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். ஸ்க்ரிப்ட் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வரிசையாக அணைத்துக்கொண்டே போகும்போது நடுவில் விசென்டரின் முறை வரும். அவரையும் அணைத்துவிடும். மிச்சம் இருப்பவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அவர்கள் பேட்டரி தீரும்வரை ஓடிவிட்டுச் சாவார்கள். சில இடங்களில் ஸ்க்ரிப்டே ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் உட்கார்ந்து ஓடும். நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியவன் கதை நமக்குத் தெரியும். அவனிடம் கோடாரிதான் இருந்தது. இவர்களிடம் இருப்பது ஆட்டோமேஷன்.

இதெல்லாம் மின்சாரம் போவதால் அணைப்பது. இப்போது ஊரெல்லாம் அணைப்பது பணம் போவதால்.

அமேசான் 2006ல் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. முதலில் சில வருஷங்கள் அதில் வேண்டாதபோது நிறுத்தி வைக்கும் வசதியே கிடையாது. ஒன்று ஓட்டலாம், இல்லையென்றால் ஒரேயடியாக ஒழித்துவிடலாம். 2009 டிசம்பரில்தான் நிறுத்தி, பிறகு எழுப்பும் வசதி வந்தது. 2017ல் லினக்ஸ் மெஷின்களுக்கு வினாடிக் கணக்கில் பில் போட ஆரம்பித்தார்கள். மீட்டர் ஓடுகிறது என்றதும் எல்லாருக்கும் சிக்கனம் வந்தது. கணக்கு எளிது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஆபீஸில் ஆட்கள் இருப்பது, தாராளமாக நாளைக்கு 12 மணி நேரம் வைத்தாலும், ஐந்து நாளுக்கு 60. மிச்சம் 108 மணி நேரம் யாரும் இல்லாத வீட்டில் விளக்கு எரிகிறது. பில்லில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ராத்திரி எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்து, காலை எட்டு மணிக்கு எழுப்ப ஒரு ஸ்க்ரிப்ட் போடு என்று மேலிடத்து உத்தரவு வராமல் இருக்குமா?

இதில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் அஷூரில் மெஷினுக்குள் இருந்தபடி ஷட்டவுன் சொன்னால் அணையும், ஆனால் வாடகை நிற்காது. லாட்ஜ் ரூமைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றப் போன மாதிரி. ரூமைக் காலி செய்ய டீஅலொகேட் என்று வெளியே இருந்து சொல்ல வேண்டும். அதற்கப்புறமும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு, க்ளோக் ரூமில் வைத்த பெட்டிக்குக் கொடுப்பதுபோல. அமேசானில் வழக்கமான அமைப்பில் உள்ளிருந்து அணைத்தாலே மெஷின் வாடகை நின்றுவிடுகிறது. ஒரு கடையில் பழகியதை அடுத்த கடையில் நம்ப முடியாது.

அப்புறம் கடிகாரம். இந்த மெஷின்களெல்லாம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் ராத்திரி எட்டு மணி அவற்றுக்கு மதியம் 14.30. இதை மறந்து 20 என்று எழுதிவிட்டால் நம்மூர் அதிகாலை ஒன்றரைக்குத்தான் அணையும். காலை 8 என்று எழுதியதும் அதே கதிதான். ஆபீஸுக்கு வந்தவர்கள் டீ குடித்து, பேப்பர் படித்து, சாப்பிட்டு வந்த பிறகு ஒன்றரை மணிக்கு மெஷின்கள் சோம்பல் முறித்து எழும். அமெரிக்கக் கட்சிக்காரர்கள் இருந்தால் இன்னும் விசேஷம், அவர்கள் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தையே நகர்த்திவிடுகிறார்கள்.

இவையெல்லாம் ஒரு தரம் பட்டால் தெளிந்துவிடும். தெளியாதது ஒன்று இருக்கிறது. எந்த மெஷின் சும்மா இருக்கிறது என்று யார் சொல்வது?

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்காக நாற்பது மெஷின்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்கு, யாரும் லாகின் செய்யாத மெஷின்களை அணைக்கும்படி ஒரு ஸ்க்ரிப்ட். லாகின் இல்லை என்றால் சும்மா இருக்கிறது என்று அர்த்தம் செய்துகொண்டார்கள். ஒரு மாணவி, பிஎச்டி கடைசி வருஷம், செவ்வாய்க்கிழமை ஒரு நீண்ட கணக்கைத் தட்டிவிட்டுப் போயிருந்தாள். ஐந்து நாள் ஓடும். ஓடட்டும் என்று லாகின் அவுட் செய்துவிட்டாள், பொறுப்பான பெண். விடை முழுவதும் மெமரியில் சேர்ந்துகொண்டே வந்து கடைசியில்தான் டிஸ்க்கில் எழுதும்படி வைத்திருந்தாள். வெள்ளி எட்டு மணிக்கு ஸ்க்ரிப்ட் வந்தது. மிக மரியாதையாகத்தான் அணைத்தது, சாஃப்ட் வழியில். கணக்கு மூன்றேகால் நாளில் போயிற்று. பேராசிரியரோடு அவளுக்கு அடுத்த சந்திப்பு திங்கட்கிழமை.

அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம், ஒரு மெஷினை அணைக்கக் கூடாது என்றால் அதன்மேல் 'அணைக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டிவைக்கலாம், ஸ்க்ரிப்ட் அதைத் தொடாது என்று அறிவித்தார்கள். நல்ல ஏற்பாடு. நம் ஜனங்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகியவர்கள். முதல் வாரம் ஐந்து துண்டு. மூன்றாவது மாசம் நாற்பதில் முப்பத்தியேழு மெஷின்களில் துண்டு. அதில் நாலு பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள், துண்டு மட்டும் இருந்தது. ஸ்க்ரிப்ட் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, புதிதாகச் சேர்ந்த மூன்று அப்பாவிகளின் மெஷின்களை மட்டும் அணைத்துவிட்டுப் போனது. பில் குறைந்தபாடில்லை. மேலிடம் மறுபடி கத்தியது, எல்லாத் துண்டையும் எடு என்று.

அப்போது ஒரு கட்சி எடுத்தாலே தீரும் என்றது, இன்னொரு கட்சி மாணவியின் கதையைச் சொல்லியது. என்னைக் கேட்டிருந்தால் நான் இரண்டாம் கட்சி. பில்லுக்கு இன்னும் கொஞ்சம் பணம் கட்டிவிடலாம், மூன்றேகால் நாளை யாரும் திருப்பிக் கட்ட முடியாது. என்னை யாரும் கேட்கவில்லை. ஒரு லேப் டெக்னீஷியன், கோயம்புத்தூர்ப் பெரியவருக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும், நடுவில் ஒன்று சொன்னார். துண்டுக்குத் தேதி போடுங்கள். திங்கட்கிழமை காலையோடு அது செல்லாது. அடுத்த வெள்ளிக்கும் வேண்டுமென்றால் மறுபடி போட வேண்டும், எதற்காக என்று ஒரு வரி எழுத வேண்டும். ஏழு மணிக்கே, எட்டுக்கு உன் மெஷின் அணையப்போகிறது என்று செல்போனுக்கு எஸ்எம்எஸ். அதோடு, லாகினை மட்டும் பார்க்காமல் ப்ராசஸர் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பத்து, பதினொரு துண்டு விழுகிறதாம். காரணம் எழுதும் கட்டத்தில் சிலர் 'வேலை' என்று மட்டும் எழுதுகிறார்கள். அந்த மாணவி நீளமாக எழுதுவாள் என்றார் டெக்னீஷியன். தன் ப்ரோகிராமையும் மாற்றிக்கொண்டுவிட்டாளாம், மணிக்கு ஒரு தரம் அதுவரை வந்த விடையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் மேலே போகிறது. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மட்டும் எங்கே இருந்தாலும் செல்போனில் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுகிறாள்.